இன்மை அறிக்கை

தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் எளிதாக வந்துவிடும். உன் கூட்டாளிகள் என்னைக் குறிப்பிட ஒரு சைகை வைத்திருக்கிறார்களே, வாயருகே விரல்களைக் குவித்து மெல்ல விரிப்பது, அதை நான் வெகுகாலம் மரியாதைச் சொல் என்றே நினைத்திருந்தேன். 'பெரியவர்' என்றோ 'நல்ல பேச்சாளர்' என்றோ பொருள் இருக்கும் என்று எனக்கு நானே உரை எழுதிக்கொண்டேன். பேரிகை கிராமத்தில் உன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே பந்தியில் உன்னைப்போலக் காது கேளாத பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நானாகவே முன்னால் போய் நின்று, மார்பில் தட்டி, அந்தச் சைகையைச் செய்து, 'அது நான்தான்' என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். ஒருவனுக்குப் புரையேறியது. இன்னொருத்தி இலையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆகா, பிள்ளைகளுக்கு நம் மேல் என்ன பிரியம் என்று பூரித்துப்போய் அடுத்த வரிசைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அது கொட்டாவிங்க" என்றாள்.

கொட்டாவி. சரிதான். உன் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் எல்லாம் நான் செய்தது அதுதானே. காது கேட்பவர்களுக்கு ஒருவரை நினைவில் வைக்க அவர் அப்பா வைத்த பெயர் வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்பது போதும். இதில் எனக்கு வருத்தம் பெயரில் இல்லை. ஊர்ப் புறணியில் நான் பட்டம் வாங்கியவன் என்பது உனக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மாப்பிள்ளைக்கு மண்டையில் இருப்பது சொந்த முடி இல்லை என்பதெல்லாம் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் கேட்டுச் சரிபார்த்து வைத்திருப்பவன். அப்படிப்பட்டவனுக்கு, கல்யாண மண்டபத்தின் அந்தக் கோடியில் நீயும் இந்தக் கோடியில் உன் அம்மாவும் நாதஸ்வரத்தையும் மீறிக் கையாலேயே பேசிச் சிரித்துக்கொள்ளும் புறணி மட்டும் ஒரு வார்த்தை புரியாது. இங்கிலீஷோடு சேர்த்து நாலு பாஷை தெரிந்தவன் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்வேன். வீட்டுக்குள் வந்தால் எனக்குத் தெரிந்தது சோறு, தண்ணீர், வா, போ, பணம், வேண்டாம். ஒரு சுற்றுலாப் பயணிக்குக்கூட இதைவிட அதிகம் தெரியும்.

அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற திங்கட்கிழமை நீ கிருஷ்ணகிரியில் இளநிலை உதவியாளராகப் போய்ச் சேரப்போகிறாய். சிப்காட் வேலையை விட்டுவிட்டு அரசாங்க நாற்காலிக்குப் போகிறாய். இத்தனை காலம் கவுண்டருக்கு வெளியே நின்றவன் உள்ளே போய் உட்காரப்போகிறாய். உள்ளே இருப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அதைச் சொல்ல என் கையில் வார்த்தை இல்லை. எழுத்தில்தான் சொல்ல வேண்டும். ஊரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், நான் இன்னும் பென்ஷன் வாங்க வேண்டும். எல்லைப் பக்கத்து ஒரு சின்ன உள்ளாட்சி அலுவலகம், அதில் நான் தலைமை எழுத்தர் என்பது போதும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கையாக வந்தது. சட்டங்கள் எல்லாம் அப்படித்தான் வரும். பிறக்கும்போது பெரிதாகப் பிறந்து, எங்களிடம் வந்து சேரும்போது ஒருபக்கத் தாளாக மெலிந்திருக்கும். எல்லாரும் வந்து புழங்கும்படி அலுவலகத்தை அமைக்க வேண்டும், தகவல் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும், குறை கேட்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முதல் இரண்டுக்கும் காசு வேண்டும். மூன்றாவதற்கு ஒரு பெயர் போதும். அந்தக் கூட்டம் நடந்த அன்று நான் லீவு. வராதவன் பெயரைப் போடுவதுதானே முறை? மறுநாள் போனால் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில், 'மாற்றுத்திறனாளிகள் குறைதீர்ப்பு அலுவலர்' என்ற பலகையும் அதற்குக் கீழே என் பெயரும். லிஃப்ட் கிடையாது. அந்தப் பலகையைப் படிக்க வேண்டுமானால் முதலில் மாடியேற வேண்டும். இதை நான் அன்றே நகைச்சுவையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம். பலகை அங்கேயேதான் இருந்தது.

அதற்குப் பிறகு காலாண்டுக்கு ஒரு முறை மாவட்டத்துக்கு நான் அறிக்கை அனுப்புவேன். வந்த புகார்கள்: இன்மை. தீர்க்கப்பட்டவை: இன்மை. நிலுவை: இன்மை. இதற்கு 'இன்மை அறிக்கை' என்று பெயர். நீயும் அனுப்பப்போகிறாய், அதனால் சொல்லிவைக்கிறேன், அரசாங்கத்தில் இதைவிடச் சுகமான காகிதம் வேறு கிடையாது. போன காலாண்டின் தாளை எடுத்துத் தேதியை மாற்றினால் போதும். ஒருமுறை ஆய்வுக் கூட்டத்தில், ஒரு புகார்கூட இல்லாத அலுவலகம் என்று எங்களைப் பாராட்டவும் செய்தார்கள். எங்களுக்கு மேலுள்ள செயல் அலுவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் ஏதோ பாடுபட்டுச் சாதித்தவன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், அது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மாடியிலிருந்து பார்த்தவன் சொல்லி நீ கேட்டதில்லை. பாஸ்போர்ட்டுக்கு உன் பிறப்புச் சான்றிதழை எடுத்தால் அதில் உன் பெயர் இல்லை. 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் அப்பன், சொந்த மகன் பெயரைச் சேர்க்க மறந்து, அவனுக்கு மீசை முளைத்து, வேலைக்குப் போய், இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீ இதை என்னிடம் காட்டவில்லை. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகக் கவுண்டருக்கு வந்து டோக்கன் வாங்கி நின்றாய்.

கவுண்டரில் மஞ்சுளா. கல்லாவி ஊர்ப் பக்கத்துப் பெண், புதுசு, நல்ல பெண், உன்னைப் பார்த்ததில்லை. தமிழில் கேட்டிருக்கிறாள். நீ பதில் சொல்லவில்லை. வேறு ஊராக இருந்தால் ஒருவேளை இந்தப் பையனுக்குக் காது கேட்கவில்லையோ என்று யாருக்காவது தோன்றியிருக்கும். நம் ஊரில் அது தோன்றாது தம்பி. தமிழுக்குப் பதில் வராவிட்டால் நமக்கு ஒரே பொருள்தான், ஆள் தெலுங்கு. வரி வசூலிப்பவரைக் கூப்பிட்டாள். அவர் "ஏம் காவாலி?" என்று கேட்டுப் பார்த்தார். ஜூஜுவாடியிலிருந்து வரும் வாட்ச்மேன் வந்து அதையே கன்னடத்தில் "ஏன் பேக்கு?" என்றார். யாரோ இந்தியில் முயன்றார்கள். ஒவ்வொரு பாஷைக்கும் குரல் ஒரு படி ஏறியது. நீ காதைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினாய். வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டுத் தெளிவாக, "காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்காப்ல" என்றார். எழுதிக் காட்ட நீ பேனா கேட்டாய். பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது மஞ்சுளா படிக்கட்டடியில் வந்து நின்று மேலே பார்த்து, "சார், பாஷை தெரியாத ஆளு ஒருத்தரு" என்று கூவினாள். நான் டீயில் வறுக்கியை நனைத்துக்கொண்டிருந்தேன். நனைத்த வறுக்கிக்கு ஒரு பதம் உண்டு, தப்பினால் டீக்குள் விழுந்துவிடும். தலை தூக்காமலே, "உக்கார வை. தன்னால போயிருவான்" என்றேன்.

நீ போகவில்லை. டோக்கன் எண்ணை வாயால்தான் கூப்பிடுவோம். உன் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை என்று நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டார்கள். நீ முதல் பெஞ்சில், கவுண்டருக்கு நேர் எதிரே, கூப்பிடுகிறவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். மூடும் நேரத்தில் வாட்ச்மேன் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் எழுந்தாய் என்று கேள்வி. நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன், எங்களுக்குப் பின்பக்கம் ஒரு வாசல் உண்டு.

மறுநாள் மாடியேறி வந்து என் மேசையில் ஒரு தாளை வைத்தாய். என் வாழ்நாளின் முதல் புகார். வாய்மொழியாக மட்டும் எண்ணைக் கூப்பிடுவதால் சான்றிதழ் பெற முடியவில்லை, எண் தெரியும் விளக்குப் பலகை வைக்க வேண்டும், கவுண்டரில் இருப்பவர்களுக்குச் சைகை மொழிப் பயிற்சி தர வேண்டும், இது அலுவலகத்தின் சட்டக் கடமை. சுத்தமான தமிழ், ஒரு பிழை இல்லை. எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? சான்றிதழை நானே முடித்து மாலையில் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன் என்பதுதான். தாளை மடித்து உன்னிடமே நீட்டி, வீடு, மாலை, நான், முடிப்பேன் என்று கையால் ஏதோ செய்தேன். நீ கைபேசியில் தட்டி என் முகத்துக்கு நேரே காட்டினாய்.

"அப்பாகிட்ட குடுக்கல. குறைதீர்ப்பு அலுவலர்கிட்ட குடுத்தேன்."

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மஞ்சுளா ஓடிவந்து, உங்க பையன்னு தெரியாது சார், தெரிஞ்சிருந்தா நேரா உள்ளாற கூட்டிட்டு வந்திருப்பேனே என்று அழமாட்டாத குறையாகச் சொன்னாள். வரி வசூலிப்பவரும் அதையே சொன்னார். வாட்ச்மேன் கன்னடத்தில் சொன்னார். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார்கள். நானும் ஆறுதல் அடைந்தேன் என்பதை மறைப்பானேன்.

மதியம் செயல் அலுவலர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, எதிரே உட்காரவைத்து மோர் கொடுத்தார். மாவட்ட ஆய்வு வரப்போகிறது, இத்தனை நாள் சுத்தமாக இருந்த பதிவேட்டில் முதல் வரியாகத் தலைமை எழுத்தர் மகன் பெயரா என்று சிரித்தார். "வீட்டு விஷயம்யா இது. வாங்கி உள்ள வெச்சிருங்க. பேனல் நேரம், உங்க பேரு மேல போயிருக்கு." பேனல் என்பது பதவி உயர்வுப் பட்டியல். அதில் வந்தால் நானும் ஒரு சின்ன ஊருக்குச் செயல் அலுவலர், எனக்கென்று ஒரு ஜீப், ஜீப் இல்லாவிட்டாலும் ஒரு சுழல் நாற்காலி. எத்தனை வருஷமாக அதற்குக் காத்திருக்கிறேன் என்று உன் அம்மாவைக் கேள், கையால் காட்டுவாள், கை வலிக்கும். நான் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "வீட்டுல குடுத்திருந்தா வாங்கி வெச்சிருப்பேங்கய்யா. ஆபீஸ்ல குடுத்துட்டான்" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் வெளியே வந்து, அட்டை போட்ட நாளிலிருந்து திறக்காத பதிவேட்டைத் திறந்து உன் பெயரை எழுதினேன். சான்றிதழில் எழுதாத பெயரை அங்கேதான் முதலில் எழுதினேன்.

விசாரணை என்று ஒன்று நடத்த வேண்டும். புகார் கொடுத்தவருக்குக் காது கேளாது என்றால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எழுதி, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி, கடைசியில் ஒரு பெண் வந்தாள். அவள் பெற்றோர் இருவருமே காது கேளாதவர்களாம், பிறந்ததிலிருந்து இதுதான் அவள் பாஷை. மேசைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் அவள். அன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று விதிப்படி கேட்டேன். உன்னை 'நீங்கள்' என்று கேட்டேன்.

நீ சொல்லத் தொடங்கினாய். தம்பி, அதை எப்படி எழுதுவது. உன் கை ஓட ஓட அவள் வாயிலிருந்து முழு முழு வாக்கியமாக வந்துகொண்டிருந்தது. 'ஆனால்' வந்தது, 'ஒருவேளை' வந்தது, 'அதுமட்டுமல்ல' வந்தது. வா, போ, சோறு, வேண்டாம் என்று நான் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்த ஆள் இப்படியெல்லாம் பேசுகிறவன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாட்ச்மேன் காதுகுத்து என்று முடிவுகட்டிய முகத்தை நீ செய்து காட்டினாய், அந்தப் பெண் மொழிபெயர்க்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து முடிக்கும் வரை நீ காத்திருந்து, சரியான இடத்தில் அடுத்ததை எடுத்தாய். என்னைப்போலவே. இன்னும் சொன்னால் என்னைவிட நன்றாக. நம் வீட்டிலேயே பெரிய புறணிக்காரன் யார் என்று ஓர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வந்துதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான் மாடியில் இருப்பது தெரிந்தும் ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன். அது விசாரணைக் கேள்வி இல்லை, அப்பன் கேள்வி. அவள் குரலில் நீ சொன்னாய்: "மேல வந்திருந்தா உங்க பையன் வேலை முடிஞ்சிருக்கும். டோக்கன் நாற்பத்தொண்ணு வேலை முடிஞ்சிருக்காது."

அடுத்து மஞ்சுளாவின் வாக்குமூலம். பயந்துகொண்டே, உட்கார வைக்கச் சொன்னது மேலே இருந்த சார்தான் என்றாள். எந்த சார் என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டேன். மொழிபெயர்ப்பாளரின் கை அதை உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் 'தலைமை எழுத்தர்' என்று என் கையெழுத்திலேயே எழுதிக்கொண்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எழுதுகிறானா என்று பார்த்தாயோ, பிழையில்லாமல் எழுதுகிறானா என்று பார்த்தாயோ, எனக்குத் தெரியாது.

விளக்குப் பலகை வந்தது. உடனே இல்லை, மூன்று கொட்டேஷன் கேட்டு, ஒன்று தொலைந்து, மறுபடி கேட்டு. இப்போது எண் சிவப்பாக எரிகிறது. வேடிக்கை என்னவென்றால் அதனால் அதிகம் பிழைத்தது காது கேட்கிறவர்கள்தான், எங்கள் கூடத்தில் யார் கூப்பிடுவதும் யாருக்கும் கேட்டதே இல்லையாம். நீ ஒருமுறை உன் கம்பெனியைப் பற்றி எழுதிக் காட்டியது நினைவுக்கு வந்தது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் யாருக்குமே காது கேட்காது, அதனால் எல்லாவற்றுக்கும் விளக்கு வைத்திருக்கிறார்கள், அங்கே நானும் மற்றவனும் ஒன்று என்றாய். அப்போது நான் அதை மெஷின் சமாச்சாரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். சைகை மொழிப் பயிற்சி ஒரு நாள் நடந்தது, பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பவில்லை. என் மேசை கீழே வந்துவிட்டது. பலகையையும் இறக்கியாயிற்று, ஆணி மட்டும் மேலே இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது தம்பி. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய சுற்று. புத்திமதி என்று கேட்டால் என்னிடம் அதிகம் இல்லை. டீக்காசுக் கணக்கில் முதல் நாளே சேர்ந்துவிடு, இல்லையென்றால் கர்வி என்பார்கள். உன் பெயரை ஏதாவது குழுவில் போடுவார்கள், மாற்றுத்திறனாளி என்பதாலேயே போடுவார்கள், போட்டோவுக்கு முன்வரிசையில் நிறுத்துவார்கள். நில். நின்றுவிட்டு, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேள். இன்மை அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார். புகார் வந்தால் தீர்ப்பது கடமையில் பாதிகூட இல்லை. யார் வரவே இல்லை, ஏன் வரவில்லை என்று புகார் வருவதற்கு முன்னால் தேடிப்போவதுதான் கடமை என்று அந்தச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான் அதை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். பெரிய புத்தகம் ஒன்றும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடுகிறது. அதற்காக வீரன் மாதிரி எல்லாவற்றோடும் மோதிக்கொண்டிருக்காதே, சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. மனைவி வரும்போது அவளோடு முழு வாக்கியத்தில் பேசு. உன் அம்மாவிடம் நான் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் கேட்கிறேன், 'ஆனால்' வந்துவிட்டது, 'ஒருவேளை' இன்னும் 'பூசணிக்காய்' மாதிரி வருகிறதாம்.

ஒன்று சொல்ல வேண்டும். செயல் அலுவலரின் மேசைக்கு எதிரே மோர் குடித்துவிட்டு அப்பன் சொன்ன பதிலைப் பற்றி, அம்மா சொந்தபந்தங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் கூட்டாளிகளிடமும் நீ சொல்லியிருக்கிறாய் போல, அவர்கள் இப்போது என்னைப் பார்த்தால் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பதிலைச் சொன்னதற்கு முந்தின நாள் சாயங்காலமே பேனல் வெளியாகிவிட்டது. சேலத்தில் இருக்கும் ஒரு சிநேகிதன் கைபேசியில் அனுப்பியிருந்தான், செயல் அலுவலருக்குத்தான் அது அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. அதில் என் பெயர் இல்லை.

அன்புடன்,
அப்பா